கருத்துப் பெட்டியை மூடி வைக்கலாமா?

கேள்வியின் சாரம் இது: "எங்கள் குடும்பம் முப்பது ஆண்டுகளாக மசாலாப் பொடி அரைத்து விற்கிறது. நான்கு மாவட்டங்களில் எங்கள் பெயர் தெரியும். இப்போது என் மகள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் தொடங்க வேண்டும் என்கிறாள். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள், சேர்த்த பெயர் நம் கையைவிட்டுப் போய்விடும் என்று என் அண்ணன் தடுக்கிறார். பக்கம் தொடங்கியே ஆக வேண்டுமென்றால் கருத்துப் பெட்டியை மூடி வைக்கச் சொல்கிறார். பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?"

உங்கள் அண்ணனின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எது நடந்துவிடும் என்று அவர் அஞ்சுகிறாரோ, அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. நீங்கள் பக்கம் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் கூகுள் வரைபடத்தில் உங்கள் ஆலைக்கு யாரோ ஒருவர் நட்சத்திரம் போட்டிருப்பார். இணைய அங்காடியில் உங்கள் சாம்பார்ப் பொடிக்குக் கீழே நான்கு பேர் எழுதியிருப்பார்கள். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மிளகாய்ப் பொடியைத் தூவி, சாயம் இறங்குவதைப் பாருங்கள் என்று காட்டும் வாட்ஸ்அப் காணொளி ஏதாவது ஒன்றில் உங்கள் பொட்டலம் ஓரமாகத் தெரிந்திருக்கவும் கூடும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்லிவைத்தவர்களுக்கு இந்த உண்மை புதிதாக இருந்திருக்காது. அன்று ஊர்வாய் பேசியது திண்ணையிலும் கடைவாசலிலும் சிதறிக் கரைந்துபோயிற்று. இன்று அது எழுத்தாக, தேதியோடு, புகைப்படத்தோடு, உங்கள் பெயரைத் தேடுகிறவருக்கு உங்கள் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்படி சேமிக்கப்படுகிறது. மாறியிருப்பது அவ்வளவுதான், அதுவே பெரிய மாற்றம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் உங்களைப் பற்றிப் பேசுவதன் மீது வைத்திருக்கும் பிடியை நிம்மதியாக விடலாம். நீங்கள் அரைத்துக் கொடுக்கும் பொருளின் மீதுள்ள பிடியையும், வாடிக்கையாளர் சொல்லும் குறை அரைவைக்கூடம் வரை போய்ச் சேரும் வழியையும் முன்னைவிட இறுக்க வேண்டும். சமூக ஊடகத்தில் அடிவாங்கிய பெரிய நிறுவனங்களின் கதைகளைப் பார்த்தால், பலவும் இதைத் தலைகீழாகச் செய்திருப்பது தெரியும். நகைச்சுவையாகப் பேச ஆள் வைத்திருப்பார்கள், மீம் போட ஆள் வைத்திருப்பார்கள். ஆனால் அந்த ஆளுக்கும் பொருளைத் தயாரிப்பவருக்கும் நடுவே ஒரு தொலைபேசி எண்கூட இருக்காது.

பிடியை விடும் பேச்சை முதலில் எடுத்தவர்கள் கலகக்காரர்கள் அல்லர். உலகிலேயே மிக அதிகமாக விளம்பரத்துக்குச் செலவழித்துவந்த நிறுவனங்களில் ஒன்றான பிராக்டர் அண்ட் கேம்பிளின் தலைவர் ஏ.ஜி. லாஃப்லி, 2006இல் அமெரிக்க விளம்பரதாரர்களின் மாநாட்டில், நுகர்வோர் நம் பிராண்டுகளை உண்மையிலேயே தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள், நாம் பிடியை விடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்ட அரங்கில் இருந்தவர்கள் அனைவரும் தொலைக்காட்சியில் முப்பது நொடி வாங்கி, அந்த முப்பது நொடியில் வரும் ஒவ்வொரு சொல்லையும் தாங்களே தீர்மானித்துப் பழகியவர்கள். ஊருக்கு ஊர் விளம்பரப் பலகைகளில் லோகோவின் நீல நிறம் ஒரே சாயலில் இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆள் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு அந்த வாக்கியம் எளிதில் செரித்திருக்காது.

செரிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நெஸ்லே நிறுவனத்துக்கு நேர்ந்ததை. அது வாங்கிய பாமாயிலில் ஒரு பகுதி, இந்தோனேசியாவில் மழைக்காடுகளை அழித்துத் தோட்டம் போடுவதாகக் குற்றம்சாட்டப்பட்டிருந்த சினார் மாஸ் குழுமத்திடமிருந்து வந்தது. சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் அதைப் பற்றி ஒரு சிறு காணொளியை வெளியிட்டது. அலுவலகத்தில் அலுத்துப்போன ஊழியர் ஒருவர் இடைவேளைக்காக நெஸ்லேயின் கிட்கேட் உறையைப் பிரிக்கிறார். உள்ளே இருப்பது சாக்லேட் அல்ல, அந்த மழைக்காடுகளில் வாழும் ஒராங்குட்டான் குரங்கின் விரல். அவர் கவனிக்காமல் கடிக்க, விசைப்பலகையின் மீது இரத்தம் சொட்டுகிறது. காப்புரிமையைக் காட்டி யூடியூபிலிருந்து அதை நீக்கும்படி நெஸ்லே கேட்டது, நீக்கவும் பட்டது. நீக்கப்பட்ட செய்தியே விளம்பரமாகிவிட, காணொளி வேறு தளங்களில் முன்னைவிட வேகமாகப் பரவியது.

பிறகுதான் உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள பகுதி வருகிறது. கோபப்பட்டவர்கள் நெஸ்லேயின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வந்தார்கள். பலர் கிட்கேட் எழுத்துருவில் 'கில்லர்' என்று மாற்றி வரைந்த லோகோவைத் தங்கள் முகப்புப் படமாக வைத்திருந்தார்கள். பக்கத்தை நிர்வகித்தவர், உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம், ஆனால் எங்கள் லோகோவைத் திருத்திய படத்தோடு எழுதினால் நீக்கிவிடுவோம் என்று அறிவித்தார். ஒருவர் அதைக் கேலி செய்தபோது, நாகரிகம் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி, ஆனால் இது எங்கள் பக்கம், விதிகளை நாங்கள்தான் வகுப்போம், என்றும் அப்படித்தான் என்று பதில் எழுதினார். அந்த ஒரு வரி உலகச் செய்தித்தாள்களில் வந்தது.

அவர் எழுதியதைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் பெரிய பிழை சொல்ல முடியாது. ஒரு வணிகக்குறியைக் கண்டவர்களும் கண்டபடி பயன்படுத்த விட்டுவிட்டால் அதன் தனித்தன்மை தேயும் என்று வழக்கறிஞர்கள் எச்சரிப்பார்கள்; அந்த எச்சரிக்கையைத்தான் அவர் அப்படியே வாசலில் வந்து ஒப்பித்தார். ஆனால் அவரிடம் காட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவர் லோகோவைப் பற்றிப் பதில் சொன்னார். ஏனென்றால் பாமாயில் கொள்முதல் அவர் கையில் இல்லை, பக்கத்தின் விதிமுறை மட்டுமே அவர் கையில் இருந்தது. தன்னிடம் எது இருந்ததோ அதைக் காத்தார். அந்தப் பிரச்சினை எங்கே தீர்ந்தது என்று பாருங்கள்: அதே ஆண்டு மே மாதம் நெஸ்லே, தி ஃபாரஸ்ட் டிரஸ்ட் என்ற அமைப்போடு சேர்ந்து, காடழிப்போடு தொடர்புள்ள நிறுவனங்களைத் தன் கொள்முதலிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. பக்கத்தில் எழுதிய எந்த மன்னிப்பும் அதைத் தீர்க்கவில்லை. கொள்முதல் துறையில் தீர்ந்தது.

இதை நான் சிறிய அளவில் நேரில் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு சமையல் எண்ணெய் நிறுவனத்துக்காகச் சில காலம் வாடிக்கையாளர் கருத்துகளுக்குப் பதில் எழுதும் குழுவில் இருந்தேன். ஒரு மாதம் எண்ணெய்க் கசிவைப் பற்றிய புகார்கள் வரத் தொடங்கின. நாங்கள் ஒரே வாக்கியத்தை, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், தொடர்பு எண்ணை இன்பாக்ஸில் அனுப்பவும்" என்று, நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தோம். மக்கள் அனுப்பிய படங்களோ எங்கள் வாக்கியத்தைவிட நூறு மடங்கு விவரமானவை. எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட அட்டைப்பெட்டியின் மூலை ஒரு படத்தில். மூடியைக் கழற்றிக் கவிழ்த்துவைத்து, உள்ளே இருக்க வேண்டிய மெல்லிய வளையம் இல்லாததை விரலால் சுட்டிக்காட்டும் படம் இன்னொன்றில். பாட்டிலின் கழுத்தில் அச்சிட்ட தொகுதி எண் (பேட்ச் நம்பர்) பல படங்களில் ஒன்றாகவே இருந்தது. மூடி வாங்கும் இடத்தை ஆலை மாற்றியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மூடி கசிகிறது என்பது ஆலைக்குத் தெரியாது. மூன்று வாரம் இப்படி ஓடிற்று. கடைசியில் யாரோ ஒருவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளரையும் எங்களையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். அடுத்த நாள் மதியத்துக்குள் அந்தத் தொகுதி கிடங்கிலேயே நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் அந்த நிறுவனம் தன் சமூக ஊடகச் செயல்பாட்டுக்காக ஒரு விருதும் வாங்கியிருந்தது. பண்டிகை வாழ்த்துப் பதிவுகளுக்காக என்று நினைக்கிறேன்.

காது இருக்கிறது, காதிலிருந்து கைக்கு நரம்பு இல்லை என்ற நிலைமைதான் எங்கும் உள்ள நோய். டெல் கணினி நிறுவனம் அந்த நரம்பை வலியோடு வளர்த்துக்கொண்டது. 2005இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் பழுதான தன் மடிக்கணினியைப் பற்றி வலைப்பதிவில் எழுதப்போக, அதே அனுபவம் உள்ளவர்கள் வந்து குவிந்தார்கள்; நிறுவனம் நீண்ட நாள் வாய்திறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜப்பானில் ஒரு டெல் மடிக்கணினி தீப்பற்றிய படம் உலகம் முழுக்கப் பரவியபோது, அப்போதுதான் தொடங்கியிருந்த தன் வலைப்பதிவிலேயே அதைப் பற்றி எழுதி, 2006 ஆகஸ்டில் சோனி தயாரித்த 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. வாய்மூடி இருந்த நிறுவனம், ஓராண்டு சொச்சத்தில் தன் பொருள் எரிவதைத் தானே பேசும் நிலைக்கு வந்தது. பேச்சுக்குப் பின்னால் மின்கலத்தைத் திரும்பப் பெறும் முடிவு இருந்ததால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது.

குற்றச்சாட்டே இல்லாத இடத்திலும் பிடிவாதம் வரும். அதே 2006ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இரண்டு பேர் வெள்ளை மேலங்கி அணிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட டயட் கோக் பாட்டில்களில் மென்டோஸ் மிட்டாய்களைப் போட்டு நீரூற்றுபோல் பீய்ச்சியடிக்கச் செய்த காணொளி பெரும் புகழ் பெற்றது. மென்டோஸ் நிறுவனம் காசில்லாமல் கிடைத்த விளம்பரம் என்று கொண்டாடியது. கோகோ கோலாவோ, இந்தக் கூத்து டயட் கோக்கின் குணத்துக்குப் பொருந்தவில்லை, மக்கள் அதைக் குடிப்பதையே விரும்புகிறோம் என்று முதலில் முகம் சுளித்தது. ஒரு குளிர்பானத்துக்கு இவ்வளவு மிடுக்கு வேண்டாம். ஆனால் அது விரைவில் மனம் மாறியது. அந்த இருவரையே பிறகு ஆதரிக்கவும் செய்தது. 2008இல் லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு இரசிகர்கள் தாங்களாகவே தொடங்கிய கோகோ கோலா ஃபேஸ்புக் பக்கம் இலட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்திருந்தது. பிராண்டின் பெயரில் உள்ள பக்கத்தை உரியவர்தான் நடத்த வேண்டும் என்று ஃபேஸ்புக் சொன்னபோது, கோகோ கோலா பக்கத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அந்த இருவரையும் தன் தலைமையகம் உள்ள அட்லாண்டாவுக்கு வரவழைத்து, சேர்ந்தே நடத்துவோம் என்றது. பெயரின் மீதான பிடியைத் தளர்த்துவது என்று நான் சொல்வது இந்த மாதிரியான காரியத்தை.

நம் ஊருக்கு வருவோம். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் ஜொமேட்டோவில் வரவழைத்த உணவில் ஒரு பண்டம் குறைந்திருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, உணவகத்தோடு பேசுவதில் மொழி தடையாக இருக்கிறது என்றார் சேவைப் பிரதிநிதி. தமிழ்நாட்டில் வேலை செய்ய வேண்டுமானால் மொழி தெரிந்தவர்களை வையுங்கள் என்றார் வாடிக்கையாளர். இந்தி தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ட்விட்டருக்குப் போனது. அரசியலமைப்புச் சட்டத்தில் தேசிய மொழி என்று எதுவும் இல்லை என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்; ஜொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் நாடு முழுக்க முன்னணிக்கு வந்தது.

நிறுவனம் அடுத்த நாளே தமிழில் ஒரு மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. செயலியின் தமிழ் வடிவத்தை உருவாக்கிவருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைத்துவருவதாகவும், அந்தப் பிரதிநிதியை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் அதில் சொல்லியிருந்தது. மையம் அமைப்பது சொல்லல்ல, செயல். பண்டம் குறைந்ததும் மொழி தெரியாததும் உண்மையில் தீரக்கூடிய இடம் அதுதான். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சில மணிநேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் சொந்தக் கணக்கில், உணவு விநியோக நிறுவனம் ஒன்றின் சேவை மையத்தில் யாரோ அறியாமல் செய்த பிழை தேசியப் பிரச்சினையாகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் அதிகம் தேவை என்ற பொருளில் எழுதி, அந்த ஊழியரை மீண்டும் பணியில் சேர்ப்பதாகவும் அறிவித்தார். ஊழியரைக் காத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞர் மீது முழுப்பழியையும் இறக்கிவைப்பது கோழைத்தனம். ஆனால் காலையில் தமிழில் வணக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்ட நிறுவனமும், அன்றே நீங்கள்தான் பொறுமை பழக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்ன நிறுவனமும் ஒன்றுதானா என்று மக்கள் குழம்பினார்கள். பிம்பத்தின் மீதான பிடியை வெளியாட்கள் மட்டும் பறிப்பதில்லை. கைபேசி வைத்திருக்கும் முதலாளியே பறிக்கலாம். உங்கள் வீட்டில் இது அண்ணனாகவும் இருக்கலாம் என்பதைப் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

இதைவிட ஆழமான கதை கொடைக்கானலுடையது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1980களில் அங்கே நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவரின் வசமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் கொட்டிக் கிடந்தது 2001இல் வெளிச்சத்துக்கு வந்து ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் உடல்நலப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு நீதிமன்றத்திலும் வெளியிலும் பதினான்கு ஆண்டுகள் போராடினார்கள். பாதரசத்தால் தொழிலாளர்கள் பாதிக்கப்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்ற பாடல் இணையத்தில் வெளிவந்து, சில நாட்களில் இலட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. தாய் நிறுவனமான யூனிலீவரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் ட்விட்டரில் தானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது.

பாடல்தான் நீதி வாங்கித் தந்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு ஆண்டுகள் கோப்பும் கையுமாக அலைந்த தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் இல்லாமல் அந்தப் பாடலுக்குப் பாடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் பதினான்கு ஆண்டுகளில் முடியாதது அதன் பின் எட்டு மாதத்தில் நடந்தது என்பதையும் தள்ளிவிட முடியவில்லை. உலகின் மறுமுனையில் நல்ல நிறுவனம் என்ற பிம்பத்தைப் பெருஞ்செலவில் கட்டியிருந்ததால்தான் அந்தப் பாடல் அவ்வளவு ஆழமாகக் குத்தியது. நற்பெயரைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு கம்பெனியை அது அவ்வளவு தொட்டிருக்காது.

இத்தகைய தாக்கங்களுக்கு எண்ணில் விலை சொல்லும் பேச்சாளர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 2009இல் கனடாவைச் சேர்ந்த டேவ் கேரல், விமானப் பயணத்தில் உடைந்த தன் கிதாரைப் பற்றி யுனைடெட் ஏர்லைன்ஸைக் கிண்டல் செய்து பாடல் வெளியிட்டார். அதனால் அந்நிறுவனத்தின் பங்கு மதிப்பில் 18 கோடி டாலர் கரைந்தது என்று இன்றும் மேடைதோறும் சொல்கிறார்கள். விமான நிறுவனப் பங்குகள் எத்தனையோ காரணங்களால் ஏறி இறங்கிய காலம் அது. பாடலையும் சரிவையும் முடிச்சுப்போட ஒரே வாரத்தில் நடந்தன என்பதைத் தவிர ஆதாரம் இல்லை. உறுதியாகச் சொல்லத்தக்கது சிறியது: 1,200 டாலர் பழுதுபார்ப்புச் செலவைத் தர மறுத்த நிறுவனம், பாடல் வந்த பிறகு பேச முன்வந்தது.

சட்டத்தின் உதவியை நாடலாமா என்றும் உங்கள் அண்ணன் கேட்கக்கூடும். ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்குத் தீங்கு என்று சொல்லி, டாடாவின் குறியை வைத்து கிரீன்பீஸ் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டபோது, டாடா நிறுவனம் 10 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது. 2011 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்து, விமர்சனத்துக்கும் பகடிக்கும் இடம் உண்டு என்ற நிலையை எடுத்தது. நோட்டீஸ் அனுப்பினால் சிறியவர்கள் அடங்கிப்போவதும் உண்டு. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைப் பற்றிக் காணொளி வெளியிட்ட ரேவந்த் ஹிமத்சிங்காவுக்குச் சட்ட அறிவிப்பு வந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார். ஆனால் நீக்கிய பிறகு அது இன்னும் பலருக்குப் போய்ச் சேர்ந்தது, குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது, அந்த ஆண்டு இறுதிக்குள் சேர்க்கப்படும் சர்க்கரை ஏறத்தாழ 14 சதவீதம் குறைக்கப்பட்ட செய்தியும் வந்தது. முடிவில் சர்க்கரையைக் குறைப்பதாக இருந்தால் நடுவில் வழக்கறிஞருக்குக் கொடுத்த பணம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்னதால் கூட்டம் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருத்துப் பெட்டிக்கு வருகிற எல்லோரும் வாடிக்கையாளர்கள் அல்லர். 2017இல் ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியபோது (அந்நிறுவனம் அதை மறுத்தது), கோபம் தலைக்கேறிய பலர் பெயர்க்குழப்பத்தில் ஸ்னாப்டீல் என்ற இணைய அங்காடியின் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு அந்த நிறுவனம் எதைத் திருத்திக்கொள்ள முடியும்? 2020 அக்டோபரில் மதங்கடந்த குடும்பம் ஒன்றின் வளைகாப்பைக் காட்டிய விளம்பரத்தைத் தனிஷ்க் திரும்பப் பெற்றபோது, ஊழியர்களின், கடைப் பணியாளர்களின் நலனையும் காரணமாகச் சொன்னது. கடையில் நிற்கும் பெண்ணுக்கு ஆபத்து வரும் என்ற நிலையில் விளம்பரத்தைக் காப்பது பெரிதா என்று கேட்டால் என்னிடம் எளிய விடை இல்லை. ஆனால் அதை வாடிக்கையாளரின் குரலுக்குச் செவிசாய்த்ததாக யாராவது விவரித்தால் அது தவறு. அது மிரட்டலுக்குப் பணிந்தது. பொருளைப் பற்றிய குறையையும் ஆட்களைத் திரட்டிவந்து அடக்கப் பார்ப்பதையும் பிரித்தறியும் பொறுப்பு உங்களுடையது. அதை எவரிடமும் விட்டுக்கொடுக்க முடியாது.

உங்கள் தொழிலுக்கு இதை எப்படிப் பொருத்துவது? பக்கத்தை மகள் நடத்துவதானால், யாரையும் கேட்காமல் ஒரு பொட்டலத்தை மாற்றித் தரும் அதிகாரத்தையும், அரைவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவரின் எண்ணையும் அவருக்குக் கொடுங்கள். புகார் எழுதுகிறவரிடம் முதலில் மன்னிப்புக்கு முன்பே தொகுதி எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். பொட்டலத்தில் அது எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது என்று ஒரு படமும் போட்டுவைக்கலாம். சாதிவசை, பெண்களைப் பற்றிய ஆபாசம், யாருடைய தொலைபேசி எண்ணாவது இருந்தால் அந்தக் கருத்துகளை நீக்குங்கள், நீக்குவோம் என்பதை முன்கூட்டியே எழுதியும் வையுங்கள். "காரமே இல்லை", "போன மாதம் இருந்த மணம் இல்லை" என்பவற்றை ஒருபோதும் நீக்காதீர்கள். கேட்டவர் எந்தத் தமிழில் கேட்டாரோ அந்தத் தமிழிலேயே பதில் இருக்கட்டும். அலுவலக மன்னிப்பு வாக்கியங்கள் மதுரைக்காரரையோ நெல்லைக்காரரையோ சமாதானப்படுத்தாது.

அந்தத் தம்ளர் தண்ணீர்க் காணொளியை யாராவது எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துவிடுங்கள். தண்ணீரில் கரையும் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் பொடியைத் தூவியதும் நிறம் கோடுகோடாகக் கீழிறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டில் செய்து பார்க்கப் பரிந்துரைக்கும் சோதனை இது. ஆனால் 'சூடான்' (Sudan) எனப்படும் வகைச் செயற்கைச் சாயங்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீர்ச் சோதனையில் அவை அகப்படா. அவற்றுக்கு ஆய்வகம்தான் வேண்டும். சோதனையில் தேறிவிட்டோம் என்று மட்டும் சொல்லாமல், இது எதைக் காட்டும் எதைக் காட்டாது என்பதையும் மகள் அந்தக் காணொளியிலேயே சொல்லட்டும், ஆய்வக அறிக்கையைத் தேதி தெரியும்படி கீழே இணைக்கட்டும். அப்போதும் ஒருவர் வந்து "இதெல்லாம் செட்டப்" என்று எழுதுவார். அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த மிளகாய் அரைவை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவருக்குப் பதில் எழுதி ஆலைக்கு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று வரவேற்கும் வேலையை உங்கள் அண்ணனிடம் கொடுங்கள்.